மூன்று நாள் மௌனம் யாருக்காக?

முதல் காட்சி முடிந்த கையோடு யூடியூபிலும் எக்ஸ் தளத்திலும் கொட்டப்படும் பார்வையாளர் கருத்துகளே படங்களைக் கொல்கின்றன என்பதும், ஆகவே படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கேனும் அவற்றைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பதும் தமிழ்த் திரையுலகில் இன்று ஏறத்தாழ ஒருமித்த கருத்தாகிவிட்டன. 2024 நவம்பரில் வெளியான தயாரிப்பாளர் சங்க அறிக்கை ஒன்று, ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய படங்களைச் சுட்டிக்காட்டி, திரையரங்க வளாகத்துக்குள் மைக்கும் கேமராவுமாக நின்று ‘பப்ளிக் ரிவ்யூ’ எடுப்பவர்களை, அதாவது படம் பார்த்து வெளியே வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டுப் பதிவிடும் யூடியூப் சேனல்காரர்களை, உள்ளே விடக்கூடாதென்று திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதைத் தொடர்ந்து, படம் வெளியான மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களுக்குத் தடை கோரித் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியபோது, விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தின் பாற்பட்டது என்று கூறி, பொதுவான தடை எதையும் விதிக்க நீதிபதி எஸ்.சௌந்தர் மறுத்துவிட்டார். நீதிமன்றம் மறுத்த பின்னரும் அந்தக் கருத்து தளரவில்லை. இசை வெளியீட்டு மேடைகளிலும் நேர்காணல்களிலும் அது மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகிறது, பத்திரிகையாளர்களில் ஒரு சாராரும் அதற்குத் தலையசைக்கின்றனர்.

இந்தக் கருத்து தவறானது. தமிழ்நாட்டில் ஒரு படம் ஊர் ஊராகச் சென்று சேர்ந்த வரலாற்றை அது மறந்துவிடுகிறது. படத்தின் தோல்விக்கான காரணத்தை இடம் மாற்றி வைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, டிக்கெட்டுக்குப் பணம் கொடுப்பவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்தக் கிழமையில் வருகிறார் என்பதை அது எண்ணிப் பார்ப்பதே இல்லை. இந்தக் கடைசிக் குறையைச் சென்னையின் மல்டிபிளெக்ஸ் வளாகத்தில் நின்று பார்ப்பதைவிடத் தருமபுரி போன்ற மாவட்டத்தில் நின்று பார்த்தால் தெளிவாக விளங்கும்.

திரைப்பட விநியோகக் கணக்கில் தருமபுரிக்குத் தனி அடையாளம் கிடையாது. தமிழ்நாட்டைச் சென்னை, செங்கல்பட்டு, கோவை, சேலம், திருச்சி–தஞ்சை, மதுரை–ராமநாதபுரம், நெல்லை–கன்னியாகுமரி என்று பகுத்து வைத்திருக்கும் விநியோகத் துறையில் தருமபுரி ‘சேலம் ஏரியா’வுக்குள் அடங்கிவிடுகிறது, 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பின்னும், 2004இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்த பின்னும், அந்தப் பழைய எல்லையே திரைத்துறையில் நீடிக்கிறது. ஏரியாவுக்குள் இன்னொரு படிநிலையும் இருந்தது. பெருநகரத் திரையரங்குகள் ‘ஏ சென்டர்’, சிறு நகரங்கள் ‘பி சென்டர்’, பேரூர்களிலும் கிராமங்களிலும் இருந்த கீற்றுக் கொட்டகைகளும் டூரிங் டாக்கீஸ்களும் ‘சி சென்டர்’. பிலிம் பிரதி ஒன்றுக்கு ஆகும் செலவு மிகுதி என்பதால் குறைந்த எண்ணிக்கையிலேயே பிரதிகள் போடப்பட்டன. படப்பெட்டி முதலில் சேலத்தில் ஓடி, பிறகு தருமபுரிக்கு வந்து, வாரங்களும் சில வேளைகளில் மாதங்களும் கழிந்தபின், தேய்ந்து கோடு விழுந்த நிலையில் அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பாரப்பட்டி போன்ற ஊர்களை எட்டியது.

இந்தத் தாமதம் ஒருவகையில் பாகுபாடுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே தாமதம் சி சென்டர் ரசிகருக்கு அவர் அறியாமலே ஒரு பாதுகாப்பையும் அளித்து வந்தது. பெட்டி ஊருக்குள் வரும் முன்பே படத்தைப் பற்றிய பேச்சு வந்து சேர்ந்துவிடும். சேலத்தில் படித்துக்கொண்டிருந்த பையன், பெங்களூரில் கட்டட வேலைக்குச் சென்று திரும்பியவர், சந்தைக்குப் போய்வந்த வியாபாரி என்று யாரேனும் ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்ன தீர்ப்பின் அடிப்படையிலேயே அந்த ஊர் மக்கள் கொட்டகைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுத்தனர். ‘வாய்மொழி விளம்பரம்’ என்று திரைத்துறை பெருமையோடு சொல்லிக்கொள்வது இதைத்தான். பல வெள்ளி விழாப் படங்களை உருவாக்கியது அந்தப் பேச்சு. அதே பேச்சுதான் பல படங்களைக் கவிழ்க்கவும் செய்தது. அந்நாளில் அதைத் தடை செய்ய வேண்டுமென்று எவரும் கோரவில்லை, கோரினாலும் டீக்கடை பெஞ்சுக்குத் தடை உத்தரவு வாங்க முடிந்திருக்காது.

2000களின் நடுப்பகுதியில் க்யூப், யுஎஃப்ஓ போன்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறைகள் திரையரங்குகளுக்குள் நுழைந்தபின் இந்த அமைப்பு அடியோடு மாறியது. பிலிம் பிரதியின் தேவை மறைந்ததால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படத்தை வெளியிடுவது சாத்தியமாயிற்று. சென்னையில் வெளியாகும் நாளிலேயே தருமபுரியிலும் வெளியாகிறது. இம்மாற்றத்தால் பின்தங்கிய ஊர்களின் பழைய அவமதிப்பு நீங்கியது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதனோடு கூடவே வணிக முறையும் மாறிவிட்டது. முன்பு நூறு நாள் ஓடிச் சம்பாதித்த பணத்தை இப்போது வெள்ளி, சனி, ஞாயிறு என்ற மூன்றே நாட்களில் அள்ளிவிட வேண்டும் என்பது பெரிய படங்களின் திட்டமாயிற்று. படம் எப்படி இருக்கிறது என்பது பரவும் முன்பே விளம்பரத்தின் வேகத்தில் இருக்கைகளை நிரப்பிவிடுவதே இத்திட்டத்தின் சாரம். ஊருக்கு ஊர் இருந்த கால இடைவெளியை ஒழித்தது திரைத்துறை. அந்த இடைவெளியில் தானாக வந்து சேர்ந்த தகவலைக் கைபேசி வழியாக வேகமாகப் பெற்றுக்கொள்ள ரசிகர் முற்படும்போது, அதே துறை அதைக் குற்றமென்று சொல்கிறது. மூன்று நாள் தடை என்ற கோரிக்கை இந்த மூன்று நாள் வசூலின் மறுபக்கமே அன்றி, கலையைக் காக்கும் அக்கறையிலிருந்து பிறந்ததன்று.

அந்த மூன்று நாட்களுக்குள் ஞாயிற்றுக்கிழமை அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843. அவர்களில் ஆறில் ஐந்து பேர் அளவுக்குக் கிராமவாசிகள். நிலம் வானம் பார்த்த பூமி என்பதால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் செல்வோர் ஏராளம். அத்தகைய ஒருவர் சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து ஊர் வந்து சேர்கிறார் என்று கொள்வோம். குடும்பத்தோடு படம் பார்க்க அவருக்கு வாய்க்கும் ஒரே நாள் ஞாயிறு. பென்னாகரத்துக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ மனைவி, இரு பிள்ளைகளோடு நகரத்துக்கு வந்து போவதென்றால் நான்கு டிக்கெட்டோடு செலவு நிற்பதில்லை. பஸ் கட்டணம், இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன், திரும்பும் வழியில் பரோட்டாக் கடை, கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டால் ஆட்டோ என்று அது ஒரு நாள் கூலியைத் தாண்டிப் போய்விடும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியில் அவர் தேடுவது உலக சினிமா பற்றிய ஆய்வுரையை அன்று. ‘பிள்ளைங்களோட போகலாமா, செகண்ட் ஆஃப் இழுவையா, நாலு வாரம் பொறுத்தா ஓடிடியில வந்துடுமே, அதுவரைக்கும் காத்திருக்கலாமா’ என்பவையே அவருடைய கேள்விகள். பப்ளிக் ரிவ்யூவில் பேசும் முன்பின் தெரியாத ஒருவர் இக்கேள்விகளுக்கு இரண்டு நிமிடத்தில் விடை சொல்லிவிடுகிறார். திங்கட்கிழமை வரை எவரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் வந்தால், அதன் முழு விலையையும் கொடுப்பவர் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பார்வையாளரே. நகரவாசிக்குப் புதன்கிழமை மாலைக் காட்சி இருக்கிறது. இவருக்கு அது இல்லை.

கைபேசி விமர்சகர்களுக்குத் திரைக்கலை தெரியாது, இவர்களுக்கு என்ன தகுதி இருக்கிறது என்ற வாதம் இதைவிடக் கண்ணியமான தோற்றம் உடையது. கற்றறிந்த சினிமா ஆர்வலர்கள் பலரும் அதை ஏற்றுக்கொள்கின்றனர். தமிழில் தேர்ந்த அச்சு விமர்சன மரபு இருந்தது உண்மைதான். ‘ஆனந்த விகடன்’ படங்களுக்கு மதிப்பெண் வழங்கிய காலத்தில், 1977இல் வெளியான ‘16 வயதினிலே’ பெற்ற 62.5 மதிப்பெண்ணை ரசிகர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். ஆனால் அந்த மரபு எழுத்தறிந்தவர்களுக்கானது, வார இதழ் வாங்கக்கூடியவர்களுக்கானது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது தருமபுரியில் அது 68.5 விழுக்காடு; மாநிலத்திலேயே கடைசி இடம். ஏறத்தாழ மூவரில் ஒருவர் அச்சு விமர்சனத்துக்கு வெளியே நின்ற மாவட்டம் இது. அவர்களும் டிக்கெட் வாங்கினர், விசிலடித்தனர், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் திரையுலகை வாழவைத்தனர். பேச்சு வடிவில் வரும் விமர்சனமே அவர்களை எட்டிய முதல் விமர்சனம். அவர்களில் ஒருவர் மைக் முன்னால் நின்று தம் தருமபுரித் தமிழில் சொல்லும் கருத்து மாவட்ட எல்லைக்கு அப்பால் கேட்கப்படுவதும் இதுவே முதல் முறை. திரைத்துறைக்கு இந்த மண் பெரும்பாலும் காட்சிப் பின்னணியாகவே பயன்பட்டு வந்துள்ளது. ‘ரோஜா’வின் பாடல் காட்சியில் ஒகேனக்கல் அருவி கண்ணைப் பறித்தது, பரிசல் அழகாகச் சுழன்றது. அருவிக்கரையில் வாழ்பவர் படத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்று கேட்க அன்று எவரிடமும் வழியில்லை. இன்று வழி பிறந்திருக்கிறது. அந்தக் குரல் கரடுமுரடாக இருக்கிறது என்பதற்காக அதை அடைக்கச் சொல்வது விமர்சன மரபின் பெயரால் செய்யப்படும் அநீதி.

விமர்சனமே படத்தைக் கொன்றது என்ற கூற்றுக்கும் சான்று போதவில்லை. யூடியூப் தொடங்கப்பட்டது 2005இல். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 2002இல் வெளியான ‘பாபா’ எதிர்பார்த்த வசூலைத் தராததால், அப்படத்தின் நட்டத்தை ஈடுசெய்ய ரஜினிகாந்த் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது திரையுலகம் நன்கறிந்த செய்தி. தமிழ்நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரத்தின் படத்தைக் கைபேசியோ பப்ளிக் ரிவ்யூவோ இல்லாத காலத்தில் கைவிட்டவர்கள் யார் என்ற கேள்விக்குத் தடை கோருவோரிடம் பதில் இல்லை. 2024ஆம் ஆண்டின் நிகழ்வுகள் இன்னும் தெளிவானவை. ‘இந்தியன் 2’ நீளமாக இருக்கிறது என்று ரசிகர்கள் சொன்னபின் அதன் தயாரிப்பாளர்கள் சுமார் 12 நிமிடங்களை வெட்டினர். ‘கங்குவா’வில் ஒலி காதைப் பிளக்கிறது என்று முதல் நாளே புகார் எழுந்தபோது, ஒலியளவைக் குறைக்கும்படி திரையரங்குகளுக்குச் சொல்லப்பட்டது, சில நாட்களில் அப்படமும் குறைக்கப்பட்டு மறுபடி திரையிடப்பட்டது. அவதூறு என்றும் சதி என்றும் வெளியே சொல்லப்பட்ட கருத்துகளை, எடிட்டிங் அறைக்குள் சரியென்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். மூன்று நாள் மௌனம் நடைமுறையில் இருந்திருந்தால், அந்த ஒலியைச் சகித்துக்கொண்டு இன்னும் பல்லாயிரம் பேர் அமர்ந்திருப்பார்கள், திருத்தமும் நேர்ந்திருக்காது.

திரையரங்க உரிமையாளரின் நட்டத்தை முன்வைத்தும் இந்தத் தடை நியாயப்படுத்தப்படுகிறது. ‘மினிமம் கியாரண்டி’ என்னும் முறையில், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறித்த தொகையை முன்கூட்டியே கொடுத்து உரிமை பெற்றவர், கூட்டம் குறைந்தால் கடனில் மூழ்குகிறார் என்பது மெய். ஆனால் அந்தத் தொகையை விண்ணளவுக்கு ஏற்றியது விமர்சகர் அல்லர். நட்சத்திர ஊதியமும், அதை ஈடுகட்ட ஏரியா வாரியாகப் பேசப்படும் விலையும்தான். ஏமாந்து வெளியேறும் குடும்பம் அடுத்த படத்துக்கு யோசித்தே வரும், அல்லது ஓடிடிக்காகக் காத்திருக்கும். சிறு நகரத்துத் திரையரங்கை நடத்துபவர் அதே சில ஆயிரம் குடும்பங்களை நம்பித்தான் ஆண்டு முழுதும் பிழைக்க வேண்டும். அவர்களுடைய நம்பிக்கையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வசூலுக்காக இழப்பது அவருக்கு எவ்வகையிலும் ஆதாயமாகாது.

தடையால் மிகுந்த தீங்கு நேரப்போவது சிறிய படங்களுக்கு என்பதே இவ்விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் உண்மை. பெரிய படத்துக்குப் பேருந்து நிலைய வாசலில் கட்-அவுட் உண்டு, தொலைக்காட்சி நேர்காணல் உண்டு, முதல் நாளில் பெரும்பாலான காட்சிகள் உண்டு. சிறிய படத்துக்கு உள்ளதெல்லாம் பார்த்தவரின் நல்வாக்கு ஒன்றே. அதுவும் திங்கட்கிழமை காட்சிகள் குறைக்கப்படும் முன்பு வந்தாக வேண்டும். 2023 பிப்ரவரியில் ‘டாடா’, 2024 செப்டம்பரில் ‘லப்பர் பந்து’ ஆகியவை நிலைத்தது முதல் சில நாட்களில் பரவிய பாராட்டினால். 2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’ வெளியான அதே நாளில் புதிய இயக்குநர் அபிஷன் ஜீவிந்தின் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தது. ரசிகர்கள் பேசிப் பேசியே அதற்குக் கூட்டம் சேர்த்தனர். 2024 பிப்ரவரியில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம், தமிழில் மொழிமாற்றம் செய்யப்படாமலே தமிழ்நாடெங்கும் நிறைந்த அரங்குகளில் ஓடியதற்கும் இணையத்துப் பேச்சே காரணம். வசையைத் தடுக்கும் சட்டம் வாழ்த்தையும் சேர்த்தே தடுக்கும். மூன்று நாள் எவரும் பேசாத ஊரில் விளம்பரம் மட்டுமே பேசும். விளம்பரத்துக்குப் பணம் உள்ளவர் எவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இணையத்தில் அழுக்கே இல்லை என்று எவரும் வாதிட முடியாது. படத்தைப் பார்க்காமலே திட்டுவோர், நடிகையின் உடலைப் பழிப்போர், பணம் கொடுத்தால் புகழ்வேன் கொடுக்காவிட்டால் இகழ்வேன் என்று பேரம் பேசுவோர், போலிக் கணக்குகள் பல தொடங்கி ஒரு படத்தின் மதிப்பெண்ணைத் திட்டமிட்டுச் சரிப்போர் என்று பலர் உண்டு. இக்கடைசிச் செயலே ‘ரிவ்யூ பாம்பிங்’ எனப்படுகிறது. 2023இல் ‘ஆரோமலின்டே ஆத்யத்தெ பிரணயம்’ படத்தின் இயக்குநர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடியது இதை எதிர்த்தே. அவ்வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட அமிகஸ் கியூரி, அதாவது எந்தத் தரப்பையும் சாராமல் ஆலோசனை கூறும் வழக்குரைஞர், 48 மணி நேரத்துக்கு விமர்சனங்களைத் தவிர்க்கலாம் என்று பரிந்துரைத்தார். இந்தத் தீமைகள் மெய்யானவை என்பதாலேயே அவற்றுக்குரிய மருந்தையும் மெய்யான இடத்தில் தேட வேண்டும். மிரட்டிப் பணம் பறிப்பதும் அவதூறும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 308, 356 ஆகிய பிரிவுகளின்படி ஏற்கெனவே குற்றங்கள். பணம் பெற்றுக்கொண்டு செய்யும் பரிந்துரையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. இணையத்தில் வெளியாகும் நுகர்வோர் மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு அதே ஆண்டில் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வகுத்தது. ஆனால் இந்தச் சட்டங்கள் புகழுரைக்கும் பொருந்தும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய இரவே ‘மரண மாஸ்’ என்று எழுதக் கொடுக்கப்படும் பணத்தையும், முதல் நாளே அச்சாகும் நூறு கோடி வசூல் சுவரொட்டியையும் பற்றி எந்தச் சங்கமும் நீதிமன்றம் சென்றதில்லை. பொய்ப் புகழ் நீடிக்கும் வரை பொய் இகழ்ச்சியை மட்டும் ஒழிக்கக் கேட்பதில் நேர்மை இல்லை.

தமிழ்த் திரையுலகம் தானே நின்று போராடிப் பெற்ற உரிமையைத்தான் இப்போது ரசிகருக்கு மறுக்கிறது என்பது வருத்தத்துக்குரியது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, எஸ்.ரங்கராஜன் எதிர் பி.ஜெகஜீவன் ராம் வழக்கில் 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து, எதிர்ப்பு எழும் என்ற அச்சத்தைக் காட்டிக் கருத்துச் சுதந்திரத்தை ஒடுக்க முடியாது என்று நிலைநாட்டியது. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ வெளியாக இருந்த வேளையில், தருமபுரி உட்பட மாநிலம் முழுவதும் 144 தடையுத்தரவின் மூலம் அப்படம் நிறுத்தப்பட்டபோது, திரையுலகினர் எந்த அரசியல் சட்டப் பிரிவைச் சுட்டினார்களோ அதே 19(1)(அ) பிரிவின் நிழலில்தான் பப்ளிக் ரிவ்யூவில் பேசும் ரசிகரும் நிற்கிறார். படம் எடுப்பவருக்கு உள்ள உரிமை படத்தைப் பற்றிப் பேசுபவருக்கு வெள்ளிக்கிழமை காலையில் இல்லாமல் போய், திங்கட்கிழமை மீண்டும் முளைக்கும் என்று அச்சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

செய்யத்தக்கது எதுவும் இல்லையா என்றால், உண்டு; அது மௌனத்தில் இல்லை, கருவிகளில் இருக்கிறது. அமெரிக்காவின் ராட்டன் டொமேட்டோஸ் தளம், படம் வெளிவரும் முன்பே பகைமையோடு குவிக்கப்பட்ட கருத்துகளைக் கண்டு, 2019 பிப்ரவரியில் வெளியீட்டுக்கு முந்தைய கருத்துப் பதிவை நிறுத்தியது. அதே ஆண்டு மே மாதம், டிக்கெட் வாங்கியது உறுதிசெய்யப்பட்டவர்களின் மதிப்பெண்ணைத் தனியே காட்டத் தொடங்கியது. ஐஎம்டிபி தளம் வெறும் சராசரியைக் காட்டாமல், ஐயத்துக்குரிய வாக்குகளின் பாதிப்பைக் குறைக்கும் எடையிட்ட சராசரியைக் காட்டுகிறது. எவரையும் வாயடைக்காமல் பொய்யை மட்டும் வடிகட்டும் முயற்சிகள் இவை. தமிழ்நாட்டிலும் இணைய முன்பதிவுத் தளங்கள் டிக்கெட் பதிவு செய்தவரின் கருத்தை அடையாளமிட்டுக் காட்ட முடியும்.

ஆனால் இந்த முறையை அப்படியே கொண்டுவந்தால் தருமபுரி மறுபடியும் விடுபட்டுப் போகும் அபாயம் உள்ளது. சிறு ஊர்த் திரையரங்குகளில் கணிசமானோர் இன்றும் கவுன்டரில் பணம் கொடுத்தே டிக்கெட் எடுக்கின்றனர். இணையத்தில் முன்பதிவு செய்தவர்களே மெய்யான பார்வையாளர்கள் என்று வரையறுத்துவிட்டால், நகரத்து ரசிகரின் குரலே மாநிலத்தின் குரலாகக் கணக்கிடப்படும். இதற்குத் தீர்வு கடினமானதன்று. கவுன்டரில் கொடுக்கும் டிக்கெட்டிலேயே ஒருமுறை மட்டும் பயன்படும் க்யூஆர் குறியீட்டை அச்சிட்டு, அதைக் கைபேசியில் ஸ்கேன் செய்தவர் எழுத்திலோ, எழுத இயலாதவர் தம் குரலிலோ தமிழில் கருத்தைப் பதியும்படி செய்தால், பார்க்காதவர் திட்ட முடியாது, பார்த்தவரை எவரும் பொய்யர் என்று ஒதுக்கவும் முடியாது. இதற்கான செலவைத் தயாரிப்பாளர் சங்கமும் திரையரங்க உரிமையாளர் சங்கமும் பகிர்ந்துகொள்ளலாம். வழக்குக்குச் செலவிடும் உழைப்பை இதற்குச் செலவிட்டால், அடுத்த பொங்கல் வெளியீட்டுக்கு முன்பே அரூர், பென்னாகரம் கவுன்டர்களில் இது நடைமுறைக்கு வரக்கூடும்.